படித்தது கணக்கில் வருமா?

பள்ளியின் கடைசி ஆண்டுகளில் கற்ற பாடத்தைக் கல்லூரிப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் வழி, வசதியுள்ள பிள்ளைகளுக்கு எப்போதோ திறந்துவிட்டது. தாராவிப் பிள்ளைக்கு?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். ஜூனியர் காலேஜில் பைஃபோகல் எடுப்பதா, வேண்டாமா? அறிவியல் பிரிவில் சேரும் பிள்ளை இரண்டாம் மொழியையும் இன்னொரு விருப்பப் பாடத்தையும் விட்டுவிட்டு, அந்த இடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ், எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் மாதிரி ஒரு தொழில்நுட்பப் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு 200 மதிப்பெண். மகாராஷ்டிராவின் எச்.எஸ்.சி. தேர்வுக்கு மொத்தம் 600. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே பாடத்தில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர் இரண்டு ஆண்டில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் படிக்கிறார். சி பிளஸ் பிளஸில் புரோகிராம் எழுதுகிறார். அரே, லிங்க்டு லிஸ்ட், பைனரி சர்ச் என்று டேட்டா ஸ்ட்ரக்சருக்குள் போகிறார். 8085 மைக்ரோபிராசசரின் கட்டளைகளை உருப்போடுகிறார். பிராக்டிகல் நோட்டு, வைவா எல்லாம் உண்டு. பிறகு பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸிலோ இன்ஜினீயரிங்கிலோ சேர்கிறார். அங்கே முதல் வாரம், 'புரோகிராம் என்றால் என்ன' என்பதிலிருந்து பாடம் ஆரம்பமாகிறது. பக்கத்து பெஞ்சில் இருப்பவர் அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவராக இருக்கலாம். கல்லூரியின் கணக்கில் இருவரும் ஒன்றுதான். இரண்டு ஆண்டுப் படிப்புக்கு அங்கே ஒரு கிரெடிட்கூட இல்லை.

தெரிந்ததைத் திரும்பக் கேட்பதில் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். வசதியுள்ள வீட்டில் நஷ்டம் இல்லை. விடியற்காலையில் இட்லிப் பாத்திரம் கழுவிவிட்டு, தாராவியிலிருந்து தலையில் கூடையோடு கிளம்பும் அப்பாவுக்குச் சட்னி கட்டிக்கொடுத்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடும் பிள்ளைக்கு, ஒரு பாடத்தின் நேரம் என்பது பணம். தேர்வுக் கட்டணம், பஸ் செலவு, பகுதிநேர வேலையில் விட்ட கூலி எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த நேரத்தில் அவர் புதிதாக ஒன்றைக் கற்றிருக்கலாம் என்பதுதான் இவற்றையெல்லாம் விடப் பெரிய இழப்பு.

செட்டா நகரிலிருந்து அமெரிக்காவுக்கு

இதே மும்பையில் வேறு வகைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு நிலைமை வேறு. அமெரிக்காவின் காலேஜ் போர்டு 1950-களின் நடுவிலிருந்து நடத்திவரும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வுகள், சுருக்கமாக ஏ.பி., இந்தியாவிலும் எழுதக் கிடைக்கின்றன. பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி முதலாண்டுத் தரத்தில் ஒரு பாடத்தைப் படித்து, மே மாதம் தேர்வு எழுத வேண்டும். 1 முதல் 5 வரை மதிப்பெண் தருவார்கள். கால்குலஸ், வேதியியல், உளவியல், பொருளியல் என்று சுமார் 40 பாடங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 3 வாங்கினாலே கிரெடிட் தருகிறது. பல தனியார் பல்கலைக்கழகங்கள் 4 அல்லது 5 கேட்கின்றன. நான்கைந்து பாடங்களில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை ஒரு செமஸ்டரையே மிச்சம் பிடிக்கலாம். அமெரிக்கக் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு செமஸ்டர் என்பது பல லட்ச ரூபாய். ஐ.பி. டிப்ளமோவின் ஹையர் லெவல் பாடங்களுக்கும் கேம்பிரிட்ஜ் ஏ லெவலுக்கும் இதேபோல வரவு கிடைக்கிறது.

செம்பூர் செட்டா நகரிலோ மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளிலோ ஒரு தமிழ்க் குடும்பம் பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பும்போது இந்தக் கணக்கையெல்லாம் போட்டுத்தான் அனுப்புகிறது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே ஒரு ஏ.பி. தேர்வுக்கே 100 டாலருக்கு மேல் ஆகும். தாராவி வீட்டில் அந்தத் தொகை எத்தனை நாள் சம்பாத்தியம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மும்பை மாநகராட்சி மாட்டுங்காவில் எல்.கே. வாக்ஜி பள்ளியில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மாநகராட்சிச் செலவில் உலகத்தரப் பாடம் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் வெளிநாட்டுக் கல்லூரிகள் கிரெடிட் தருவது பத்தாம் வகுப்புக்கு இணையான ஐ.ஜி.சி.எஸ்.இ.க்கு அல்ல, அதற்கு அடுத்த ஏ லெவலுக்கு. எட்டு மொழிகளில் பள்ளி நடத்தி, அதில் தமிழ் வழியையும் பல்லாண்டுகளாகக் காப்பாற்றிவரும் மாநகராட்சி, தன் பிள்ளைகள் பத்தாவதுக்குப் பிறகு எங்கே போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் போவது லண்டனுக்கோ பாஸ்டனுக்கோ அல்ல. சயானுக்கும் பாந்த்ராவுக்கும் குர்லாவுக்கும்தான்.

ஒரு காலத்தில் அது கல்லூரி ஆண்டு

மேல்நிலைப் படிப்பைப் பட்டத்தில் சேர்ப்பது அமெரிக்கச் சரக்கு என்று நினைப்பவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்கலாம். பழைய பம்பாயில் பதினோரு ஆண்டுப் பள்ளிப் படிப்பு முடிந்து இறுதித் தேர்வில் தேறினால், அடுத்து நேராகக் கல்லூரிதான். எஃப்.ஒய்., இன்டர், ஜூனியர் பி.ஏ., சீனியர் பி.ஏ. என்று நான்கு ஆண்டு. 1937-ல் மாட்டுங்காவில் ருயா கல்லூரியும் கால்சா கல்லூரியும் தொடங்கியபோது அதுதான் வழக்கம். சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு இரண்டாண்டு இன்டர்மீடியட். அது போய் 1950-களின் பிற்பாதியில் பி.யூ.சி. வந்தது. அதுவும் கல்லூரியில்தான், பல்கலைக்கழகத் தேர்வுதான்.

1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி ஆணையம் 10+2+3 முறையைப் பரிந்துரைத்தது. 1970-களில் மகாராஷ்டிரா அதற்கு மாறியது. தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தது. கூட்டிப் பாருங்கள்: பதினொன்றும் நான்கும் பதினைந்து, பத்தும் இரண்டும் மூன்றும் பதினைந்து. பன்னிரண்டாம் ஆண்டுப் படிப்பு கல்லூரிப் பக்கத்திலிருந்து பள்ளிப் பக்கத்துக்கு நகர்ந்தது. மும்பையில் கட்டடம்கூட மாறவில்லை. ருயாவிலும் எஸ்.ஐ.இ.எஸ்.ஸிலும் கால்சாவிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இன்றும் கல்லூரி வளாகத்துக்குள்தான் நடக்கிறார்கள், அங்கேயே கேன்டீனில் வடாபாவ் தின்கிறார்கள். எஃப்.ஒய்.ஜே.சி., எஸ்.ஒய்.ஜே.சி. என்றுதான் தங்கள் வகுப்பைச் சொல்கிறார்கள். தாத்தா காலத்தில் பட்டத்தின் முதல் படியாக இருந்த ஆண்டு, பேரன் காலத்தில் வெறும் நுழைவுச்சீட்டாகிவிட்டது. அப்படி மாற்றியதற்கு நிர்வாகக் காரணங்கள் இருந்தன. நாடு முழுக்க ஒரே அமைப்பு வேண்டும், பல்கலைக்கழகங்களின் கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்றார்கள். அந்த ஆண்டில் கற்பது பட்டத்துக்கு உதவாது என்பது காரணமாக இருந்ததில்லை.

பாலிடெக்னிக் என்ற பழைய பாலம்

இன்றைய மும்பையில், பத்தாவதுக்கு அடுத்த ஆண்டுகளில் படித்தது டிகிரியில் முறையாகக் கழிக்கப்படும் இடம் ஒன்று உண்டு. அதை நாம் இரண்டாந்தரமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். பாலிடெக்னிக்கைச் சொல்கிறேன்.

தாராவி 90 அடி சாலையில் ஒரு பெண் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு நன்றாக வரும். ஆனால் பதினொன்று, பன்னிரண்டு, அதோடு சி.இ.டி. நுழைவுத்தேர்வுக் கோச்சிங் என்று இரண்டு ஆண்டு செலவழிக்க வீட்டில் வசதி இல்லை. அவள் பாந்த்ரா கிழக்கில் கேர்வாடியில் இருக்கும் அரசு பாலிடெக்னிக்கிலோ, செம்பூரில் விவேகானந்த் எஜுகேஷன் சொசைட்டியின் பாலிடெக்னிக்கிலோ, மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ.யிலோ மூன்றாண்டு டிப்ளமோவில் சேரலாம். சேர்வதற்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் அடிப்படை. டிப்ளமோவில் குறைந்தது 45 சதவீதம் எடுத்தால் (மகாராஷ்டிராவின் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கு 40) இன்ஜினீயரிங் டிகிரியில் நேராக இரண்டாம் ஆண்டு. டைரக்ட் செகண்ட் இயர், டி.எஸ்.இ. என்பார்கள். அதற்கு சி.இ.டி. எழுத வேண்டியதில்லை. டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை. கல்லூரியின் அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேலாக 10 சதவீதம் இவர்களுக்கென்று கூடுதலாக உண்டு. முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்களும் இவர்களுக்குத் திறக்கும்.

இதில் ஆண்டு மிச்சமாவதில்லை. பத்தாவதுக்குப் பிறகு டிப்ளமோ மூன்று, டிகிரி மூன்று, ஆக ஆறு. ஜூனியர் காலேஜ் வழியில் போனாலும் இரண்டும் நான்கும் ஆறுதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஜூனியர் காலேஜ் வழியில் போகிறவர் பாதியில் நின்றால் கையில் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் மட்டும்தான். பாலிடெக்னிக்கில் படிக்கிறவருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு டிப்ளமோ கையில் இருக்கும். ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினீயர் வேலைக்கு அது தகுதி. அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் வேலைக்குப் போகலாம். நிலைமை சீரான பிறகு திரும்பி வந்து இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலை பார்த்துக்கொண்டே பி.டெக். படிக்கும் வகுப்புகளுக்கும் ஏ.ஐ.சி.டி.இ. 2023-24 முதல் வழி செய்திருக்கிறது. கற்றது வீணாகாது என்ற உத்தரவாதம் ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது என்பது அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வி.ஜே.டி.ஐ. இந்தக் கதைக்குப் பொருத்தமான இடம். 1887-ல் விக்டோரியா ஜூபிலி டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட் என்று பைகுல்லாவில் பிறந்து, 1923-ல் மாட்டுங்காவுக்கு வந்தது. மும்பையின் துணி ஆலைகளுக்கு ஆள் தயாரித்த நிறுவனம். 1997-ல் அதே சுருக்கெழுத்தைக் காப்பாற்றிக்கொண்டு வீரமாதா ஜீஜாபாயின் பெயரை ஏற்றது. டிப்ளமோவும் டிகிரியும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தாராவியில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வளாகம் ஒரு ரயில் நிலையத் தூரம்.

இன்னும் இரண்டு சிறிய பாலங்களும் உண்டு. பத்தாவது முடித்து இரண்டாண்டு ஐ.டி.ஐ. படித்தவர் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியலோ தொழிற்பாடமோ படித்தவரும் அப்படியே. தமிழ்நாட்டிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. அங்கே டிப்ளமோ முடித்தவர்கள் டிகிரி இரண்டாம் ஆண்டில் சேரும் கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்திவருகிறது. இப்போது பைஃபோகல் படித்த நம் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் டிப்ளமோவுக்குப் போனால் ஒரு முழு ஆண்டு கழிவு. டிகிரிக்குப் போனால் ஒரு பாடம்கூடக் கழியாது. அதே பிள்ளை, அதே சான்றிதழ். இந்த முரண்பாட்டுக்கு நியாயம் சொல்லக்கூடியவர் யாரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

எம்-த்ரீ கற்றுத்தரும் எச்சரிக்கை

டைரக்ட் செகண்ட் இயரில் சேர்ந்தவர்களிடம் எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். எம்-த்ரீ என்ற பதில் வரும். மூன்றாம் செமஸ்டரின் இன்ஜினீயரிங் மேத்தமேட்டிக்ஸ். லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம், ஃபூரியே சீரிஸ் எல்லாம் அதில் வரும். மற்ற மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக் கால்குலஸையும் எம்-ஒன், எம்-டூவையும் கடந்து வந்தவர்கள். டிப்ளமோ கணக்குப் பாடம் அவ்வளவு ஆழம் போகாது. ஒர்க்‌ஷாப்பிலும் டிராயிங்கிலும் எல்லோரையும் விட முன்னால் நிற்கும் பிள்ளை கணக்கில் தேறாமல் கே.டி. வாங்கிக்கொண்டு, தனக்கு மூளை இல்லையோ என்று கலங்குவதைப் பார்க்கிறோம். மூளை இருக்கிறது. நடுவில் இரண்டு படிகளை யாரும் கட்டித்தரவில்லை. டி.எஸ்.இ. சேர்க்கைக்கும் மூன்றாம் செமஸ்டர் தொடக்கத்துக்கும் இடையில் நாற்பது மணி நேரக் கணக்கு வகுப்பு ஒன்றைக் கல்லூரிகள் கட்டாயமாக நடத்தினால் இந்தக் கண்ணீரில் பாதி குறையும்.

படித்ததாகச் சான்றிதழ் சொல்வதும் உண்மையில் தெரிந்திருப்பதும் வேறு வேறு என்பதை வெளிநாட்டுக் கல்லூரிகளும் பட்டறிந்திருக்கின்றன. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி, 2014-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து ஏ.பி. மதிப்பெண்ணுக்குப் பட்டக் கிரெடிட் தருவதை நிறுத்திவிட்டது. எந்த வகுப்பில் உட்காரலாம் என்று தீர்மானிக்க மட்டும் அதை வைத்துக்கொண்டது. கால்டெக்கும் கிரெடிட் தருவதில்லை. தன்னிடம் சேர்ந்தவருக்கு எது தெரியும் என்பதைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற அவர்களின் நிலைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. அந்தச் சோதனையை வைக்கச் சொல்லித்தான் நானும் கேட்கிறேன். நம் கல்லூரிகள் சோதிக்காமலேயே எல்லாருக்கும் ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டிவிடுகின்றன.

வங்கி திறந்தாயிற்று, வரவு?

2020-ன் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2021 ஜூலை இறுதியில் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் வந்தது. மாணவர் எங்கே படித்தாலும் கிரெடிட்டுகள் அவருடைய கணக்கில் சேரும். பொதுவாக ஏழு ஆண்டு வரை செல்லுபடியாகும். பட்டம் தரும் நிறுவனத்தில் பாதியாவது படித்திருக்க வேண்டும். 2023 ஏப்ரலில் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு இதைப் பள்ளிக்கும் நீட்டித்தது. ஆண்டுக்கு 1,200 மணி நேரக் கற்றலுக்கு 40 கிரெடிட். பத்தாம் வகுப்பு மூன்றாம் நிலை, பன்னிரண்டாம் வகுப்பு நான்காம் நிலை, பட்டத்தின் முதலாண்டு நாலரை, மூன்றாமாண்டு ஐந்தரை. பள்ளி, தொழிற்பயிற்சி, கல்லூரி மூன்றையும் ஒரே ஏணியில் வைத்திருக்கிறார்கள். காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

நடைமுறையில் ஓர் அரை நிலைதான் முட்டுகிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கிரெடிட்டுகள் நான்காம் நிலையில் நிற்கின்றன. பட்டத்தின் கணக்கு நாலரையிலிருந்து தொடங்குகிறது. கல்லூரியில் சேரும் தகுதியாகப் பன்னிரண்டாம் வகுப்பைக் காட்டிய பிறகு, அதையே மறுபடியும் பட்டத்துக்குள் எண்ணக் கூடாது என்பது நியாயமான விதி. ஒரே ரூபாயை இரண்டு கடையில் கொடுக்க முடியாது. ஆனால் தகுதிக்குத் தேவையானதற்கு மேல் படித்தது? பைஃபோகலின் செய்முறைப் பாடம்? விடுமுறையில் முடித்த என்.பி.டி.இ.எல். கோர்ஸ்?

இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளில் யாரும் சேரலாம், வயது வரம்பில்லை. படிக்கக் காசு வேண்டாம். மையத்துக்குப் போய்க் கண்காணிப்பில் எழுதும் தேர்வுக்கு 1,000 ரூபாய். கல்லூரி மாணவர் தன் படிப்பில் 40 சதவீதம் வரை, இந்த வகுப்புகளும் இடம்பெறும் ஸ்வயம் தளம் வழியாக முடிக்கலாம் என்று யு.ஜி.சி.யின் 2021 விதி சொல்கிறது. செம்பூரில் பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளை இதே புரோகிராமிங் கோர்ஸைப் படித்து, இதே தேர்வை எழுதித் தேறினால், இரண்டு ஆண்டு கழித்துக் கல்லூரி அதை ஏற்க மறுப்பதற்கு என்ன காரணம் சொல்லும்? ஏ.பி.க்கு ஈடான ஏற்பாடு பத்தில் ஒரு பங்கு செலவில் நம் வாசலில் கிடக்கிறது. அதை எடுத்து வீட்டுக்குள் வைக்கத்தான் ஆளில்லை.

சென்னை ஐ.ஐ.டி. இந்த விஷயத்தில் துணிந்து ஓரடி வைத்திருக்கிறது. 2020-ல் தொடங்கிய அதன் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு, பதினோராம் வகுப்பு முடித்த பிள்ளையே தகுதிச் சுற்றை எழுதலாம். தேறினால் பன்னிரண்டாவது முடித்ததும் இடம் காத்திருக்கும். ஜே.இ.இ. தேவையில்லை. முழுப் பட்டத்துக்கு 142 கிரெடிட். நடுவில் நின்றாலும் அதுவரை முடித்த கட்டத்துக்குச் சான்றிதழ் உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி, வேறு போர்டில் தேறிய இரண்டு பாடங்கள் வரை தன் சான்றிதழில் பல்லாண்டுகளாகச் சேர்த்துக்கொள்கிறது. படித்ததை ஏற்றுக்கொள்வதால் வானம் இடிந்துவிடவில்லை.

தமிழ்நாட்டில் தேசியக் கல்விக் கொள்கைக்குக் கடும் எதிர்ப்பு உண்டு. நடுவில் வெளியேறச் சான்றிதழ் கொடுத்தால், ஏழைப் பிள்ளைகளை வாசலைக் காட்டி அனுப்பிவைப்பதாகிவிடும் என்ற அச்சத்தை நான் முழுமையாக மதிக்கிறேன். முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கிய மண்ணின் அச்சம் அது. ஆனால் மும்பையில் வாழும் நமக்கு மாநில அரசு என்ன கொண்டுவந்தாலும் அதற்குள்தான் பிள்ளைகளை வளர்க்க வேண்டியிருக்கிறது. வெளியேறும் கதவை அகலமாகத் திறந்தவர்கள், உள்ளே வருகிறவர் கொண்டுவரும் கல்வியை ஏற்கும் கதவையும் திறக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

பெயரும் சாதிச் சான்றிதழும்

கிரெடிட் கணக்குக்கு அடையாளம் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அபார் என்ற 12 இலக்க எண் தருகிறார்கள். அதற்குப் பள்ளிப் பதிவிலும் ஆதாரிலும் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மும்பைத் தமிழ் வீட்டில் இது பழைய தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இன்ஷியல்தான். இங்கே பள்ளி விண்ணப்பம் தன் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் வைத்திருக்கிறது. ஒரு ஆசிரியர் மூன்றாவது கட்டத்தில் தாத்தா பெயரைப் போடுவார், இன்னொருவர் சாதியைப் போடுவார், வேறொருவர் தகப்பன் பெயரையே இரண்டு முறை எழுதுவார். ஆதாரில் வேறொன்று இருக்கும். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் வருவதற்கு முன்பே இதைச் சரிசெய்துவிட வேண்டும். எஸ்.எஸ்.சி. சான்றிதழில் அச்சாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு தாராவி வீடும் இந்த வாரமே பள்ளிப் பதிவையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று இதைவிட ஆழமான காயம். படிப்பின் கிரெடிட் நாடு முழுக்கச் செல்லும் என்கிறார்கள். சாதிச் சான்றிதழ் மாநில எல்லையைத் தாண்டாது. இதை உறுதிசெய்த முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று மும்பையின் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட மாணவரின் வழக்கில், 1990-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் ஆந்திராவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பம். பிறந்த மாநிலத்தில் பழங்குடியினராக இருந்தவருக்கு மகாராஷ்டிராவில் அந்த ஒதுக்கீடு கிடைக்காது என்று தீர்ப்பாயிற்று. பட்டியல் சாதியினருக்கும் அதே நிலைதான். 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிராவில் இருந்ததற்கு ஆவணம் கேட்கிறார்கள். குடிசையில் வாழ்ந்து, தீயிலும் மழையிலும் காகிதங்களைப் பறிகொடுத்த ஆதிதிராவிடர் குடும்பத்தில் அந்த ஆவணம் எங்கிருந்து வரும்? மூன்று தலைமுறையாகத் தாராவியில் வாழும் பிள்ளை டி.எஸ்.இ. தரவரிசையில் பொதுப்பிரிவில் நிற்கிறது. அதற்கு 40 இல்லை, 45 சதவீதம்தான் எல்லை. கட்டணச் சலுகையும் கை நழுவுகிறது. இந்தப் பிள்ளையிடம் கற்றலின் கிரெடிட் எங்கும் செல்லும் என்று பேசும்போது, அதன் வாழ்க்கையின் எந்தப் பகுதி எங்கும் செல்லாது என்பதையும் அரசு நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கல்லூரிகள் நாளையே செய்யக்கூடியவை

ருயாவும் எஸ்.ஐ.இ.எஸ்.ஸும் இன்று தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டமும் தேர்வும் அவர்கள் கையில். மகாராஷ்டிராவில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 முதல் 132 கிரெடிட், ஆண்டுக்கு அதிகபட்சம் 44. மேஜர், மைனர் போக ஓப்பன் எலெக்டிவ், ஸ்கில் பாடம், மொழிப் பாடம் என்று இரண்டிரண்டு கிரெடிட்டாகப் பல துண்டுகள் முதலாண்டில் இருக்கின்றன. பைஃபோகல் படித்து வந்தவர்களுக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே புரோகிராமிங்கில் ஒரு தேர்வு வையுங்கள். வருட இறுதித் தேர்வு எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினமாக வையுங்கள், கட்டணம் வாங்காதீர்கள். தேறியவருக்கு அந்தப் பாடத்தின் கிரெடிட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த நிலைப் பாடம் ஒன்றில் உட்கார வையுங்கள். எட்டு கிரெடிட் இப்படிக் கழிந்தால் முதலாண்டுச் சுமையில் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருங்கிக் குறையும். ஐந்து செமஸ்டரிலேயே மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்கும் விரைவுப் பட்டத்துக்கு யு.ஜி.சி. வழி வைத்திருக்கிறது. சேர்க்கையில் 10 சதவீதம் வரை அதற்கு ஒதுக்கலாம். எட்டு கிரெடிட்டோடு உள்ளே வருகிற பிள்ளைக்கு அது எட்டக்கூடிய தூரம்.

மொழிப் பாடத்திலும் இதைச் செய்யலாம். மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்து வரும் பிள்ளை கல்லூரியில் இரண்டு கிரெடிட் இந்திய மொழிப் பாடம் எடுக்க வேண்டும். அதற்குத் தமிழில் ஒரு தகுதித் தேர்வு வைக்க, 1932-ல் தென்னிந்தியர்கள் கூடி மாட்டுங்காவில் தொடங்கிய எஸ்.ஐ.இ.எஸ். என்ற சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியை விடப் பொருத்தமான நிறுவனம் இந்த நகரத்தில் இல்லை. வினாத்தாள் தயாரிக்கவும் திருத்தவும் தமிழ் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பலர் ஓய்வுபெற்று, கூப்பிட்டால் வரத் தயாராக இருக்கிறார்கள். அடுத்த கல்வியாண்டுக்கான பாடத்திட்டக் குழுக்கள் கூடும்போது இந்த இரண்டு தீர்மானங்களையும் நிகழ்ச்சிநிரலில் வைக்க ஒரே ஒரு துறைத் தலைவர் போதும்.